பூரிக்கட்டைக்கு பல்ஸ் நூற்றிருபது

1. இரண்டு தாள்கள்

ஈ.சி.ஜி. தாள் நாற்பத்து நான்கு என்றது. அதே மனிதரின் டைரி, அதே நாள் காலை எட்டு மணிக்கு, தொண்ணூற்றாறு என்றது. இரண்டையும் இரண்டு கைகளில் பிடித்துக்கொண்டு நான் நின்றதைப் பார்த்த வார்டு சிஸ்டர், நோயாளியை விட்டுவிட்டு எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். என் பெயர் ராஜசேகர். ஊர் திண்டுக்கல், வயது நாற்பத்தொன்பது. ஹைதராபாத்தில் ஒரு கேன்சர் ஆஸ்பத்திரியில் கிளினிக்கல் டிரையல் கோஆர்டினேட்டர். ஒரு மருந்தை நோயாளிகளிடம் முறைப்படி சோதித்துப் பார்க்கும்போது ஃபாரம் நிரப்புவது, கையெழுத்து வாங்குவது, போன் போடுவது, டைரி சரிபார்ப்பது எல்லாம் நான்தான். டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவே ஓடுகிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் மெடிக்கல் ரெப். விற்றது முழுக்க இதய மாத்திரைகள். ஆகவே இதயத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள இனி எதுவும் பாக்கியில்லை என்ற எண்ணம் எனக்கு இருந்தது. என்னுடைய இன்னொரு தகுதி, பதறுவது. லிஃப்ட் இரண்டாம் மாடியில் ஒரு நிமிஷம் நின்றால் மூன்றாம் மாடியில் தீ என்று முடிவு செய்துவிடுவேன்.

எங்கள் டிரையல் இதுதான். ரத்தக் குழாயின் உள்பக்கத்தில் தொடங்குகிற ஓர் அபூர்வமான புற்றுநோய் இருக்கிறது. ஆஞ்சியோசார்கோமா என்பார்கள். கீமோவில் அடங்கினாலும் திரும்பக் கிளம்பிவிடும். கீமோ முடிந்த பிறகு புரோப்ரனலால் என்ற பழைய மாத்திரையைக் கொடுத்துக்கொண்டே வந்தால் அது அடங்கியே இருக்குமா? இதுதான் கேள்வி. பிரஷருக்கும் படபடப்புக்கும் ரொம்ப காலமாகக் கொடுக்கிற மாத்திரை. கைக்குழந்தைகளுக்கு வரும் ஒருவகை ரத்தக்குழாய்க் கட்டியை அது சுருக்குகிறது என்று டாக்டர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதிலிருந்து பிறந்த யோசனை.

டிரையலை நடத்துபவர் டாக்டர் ஸ்ரீலதா. தெலுங்குக்காரர், மேல்படிப்பு சென்னையில். ஹாஸ்டலில் கற்ற தமிழை என்னிடம் மட்டும் செலவழிப்பார், நடுவே காரு, அண்டி என்று தெலுங்கு மரியாதையும் கலந்து. முதல் நாள் மாத்திரைப் பெயரைக் கேட்டதும் நான் சிரித்துவிட்டேன்.

"மேடம், இத நான் பை நிறைய சுமந்து வித்திருக்கேன். இதுவா கேன்சருக்கு?"

"வித்தீங்க இல்ல? இப்ப அது என்ன செய்யுதுன்னு பாருங்க சேகர் காரு. ரெப்பா இருந்தப்ப அதுக்கு டைம் இருந்திருக்காது."

இந்த மாத்திரை இதயத் துடிப்பைக் குறைக்கும். அதனால் ஒரு விதி. காலையும் மாலையும் மாத்திரை போடுமுன் ஒரு முழு நிமிஷம் பல்ஸ் எண்ணி டைரியில் எழுத வேண்டும். ஐம்பதுக்குக் கீழே போனால் மாத்திரை கூடாது, எனக்குப் போன் செய்ய வேண்டும். இரண்டு வாரம் தொடர்ந்து எழுபதுக்கு மேலேயே இருந்தால் வேளைக்கு ஒன்று என்பது இரண்டாகும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கோவிட் காலத்திலிருந்து எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஆனால் பாதிக்குப் பேட்டரி கசிந்திருந்தது, மீதி ஆளுக்கொரு நம்பர் காட்டியது. டாக்டர், "கையால எண்ணட்டும், அது ஏமாத்தாது" என்றார்.

கை ஏமாற்றாது என்பது உண்மைதான். ஆனால் கையைப் பிடிக்கச் சொல்லித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது.

2. கண்ணை மூடிக்கொள்ளுங்கள்

எங்களிடம் ஆறு நோயாளிகள். அவர்களில் ஒருவர் தனபால் சார், அறுபத்திரண்டு வயது. நான்கு தலைமுறையாகச் செகந்திராபாத் தமிழ்க் குடும்பம். குஷாய்குடா பக்கத்துப் பெரிய எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் இன்ஸ்பெக்ஷன் செக்ஷனில் இருந்து ரிடையர் ஆனவர். உச்சந்தலையில் ஒரு சிவப்புத் திட்டாக வந்த நோய் கீமோவில் நிறம் வெளுத்து அடங்கியிருந்தது. டிரையலில் சேருவதற்கு முப்பது பக்கச் சம்மதப் படிவத்தை ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்து முழுக்கப் படித்த ஒரே மனிதர். பதினேழாம் பக்கத்தில் ஓர் எழுத்துப் பிழையையும் கண்டுபிடித்தார்.

கீமோவில் அவருடைய விரல்நுனிகள் மரத்துப் போயிருந்தன. சட்டைப் பொத்தான் போடவே சிரமம். அதனால் பல்ஸ் எண்ணும் வேலை அவர் மனைவி விமலாவுக்கு.

நான் அவர்களுக்குப் பல்ஸ் பார்க்கச் சொல்லிக் கொடுத்ததை இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது. சினிமாவில் டாக்டர்கள் பிடிப்பார்களே, அந்த மாதிரி மணிக்கட்டைப் பிடித்தேன். கட்டைவிரலை அழுத்தமாக வைத்தேன். கண்ணை மூடினேன். தலையை மெல்ல ஆட்டினேன்.

"இப்படி வைங்க மேடம். நல்லா அழுத்துங்க. கண்ண மூடிக்கிட்டா இன்னும் தெளிவாத் தெரியும்."

"கண்ண மூடிட்டா கடிகாரத்த யாரு பாக்கறது?" என்றார் தனபால் சார்.

"நீங்க பாருங்க சார். ஒரு டீம் வொர்க்."

"ஹவ், ஆமா. அதுவும் சரிதான்."

பல்ஸ் பார்ப்பது எப்படி என்று எனக்கும் ஒரு ஆன்லைன் பயிற்சி கொடுத்திருந்தார்கள். நாற்பது ஸ்லைடு. நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்திக்கொண்டே போய், கடைசிக் கேள்வித்தாளில் நான்காவது முயற்சியில் நூற்றுக்கு நூறு வாங்கினேன். சர்டிபிகேட்டில் முயற்சிகளின் எண்ணிக்கை இருக்காது. அது ஒரு நல்ல ஏற்பாடு என்று அன்று நினைத்தேன்.

ஞாயிறுதோறும் டைரிப் பக்கத்தின் போட்டோ வாட்ஸ்அப்பில் வரும். விமலாவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். தொண்ணூற்றிரண்டு, எண்பத்தெட்டு, தொண்ணூற்றாறு, ஒருநாள் நூற்று நான்கு. இரண்டு வாரம் ஆனதும் டாக்டரிடம் காட்டினேன். எழுபதுக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. ஏற்றலாம் என்றார். நான் போன் செய்து, பிரமோஷன் செய்தி சொல்வதுபோல, "சார், நாளையிலேர்ந்து வேளைக்கு ரெண்டு!" என்றேன்.

அடுத்த இரண்டு வாரம் கழித்து மாதாந்திரப் பரிசோதனைக்கு வந்தார். அன்றுதான் அந்த நாற்பத்து நான்கு.

3. வெள்ளிக்கிழமை, நான் குற்றவாளியைத் தேடியது

அவரை உடனே டே கேரில் படுக்க வைத்து மானிட்டர் மாட்டினார்கள். மாத்திரையை நிறுத்தினார்கள். "நாலஞ்சு நாளா எழுந்திருச்சா கிறுகிறுன்னுது. வெயில்னு நெனச்சேன்" என்றார் சாவகாசமாக. பக்கத்தில் விமலா உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாலைக்குள் பல்ஸ் ஐம்பதைத் தாண்டியது. வீட்டுக்கு அனுப்பினோம்.

டாக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"இன்னிக்கு காலைல தொண்ணூத்தாறாம். மூணு மணி நேரத்துல நாப்பத்திநாலாம். இது எப்படி அண்டி?"

"மெஷின் ரிப்பேரா இருக்குமோ மேடம்?"

"ரெண்டு மெஷின்ல பாத்தாச்சு. இந்த டைரி எண்ணி எழுதினதில்ல. உக்காந்த இடத்துல கற்பனையா எழுதினது." பேனாவை மூடினார். "டைரிய நம்பித்தான் இந்த மாத்திரைய ஏத்தறோம். பொய்யா எழுதற வீட்டுல இத குடுத்தா, ஒருநாள் மனுஷன் பாத்ரூம்ல விழுந்து கெடப்பார். திங்கக்கிழமை மானிட்டர் வராங்க. அதுக்குள்ள காரணம் தெரியலன்னா தனபால் காருவ டிரையல்லேர்ந்து எடுத்துடணும்."

மானிட்டர் என்பவர், நாங்கள் எழுதியதையெல்லாம் வரிவரியாக மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வெளியிலிருந்து வருபவர். எங்களுக்கு வருபவர் ரிஸ்வானா மேடம். பழைய நகரத்துக்காரர். சிரித்த முகம். அந்தச் சிரிப்போடுதான் எதையும் பிடிப்பார்.

தனபால் சாரை எடுப்பதென்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கீமோவுக்குப் பிறகு அவருக்குச் செய்வதற்கென்று எங்களிடம் இருந்தது இந்த மாத்திரை மட்டும்தான். பலன் தருமா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் தினமும் கண்ணாடிமுன் இன்னொரு கண்ணாடியைப் பிடித்து உச்சந்தலையைப் பார்ப்பவர். திட்டு விரியவில்லை. அதற்கு யார் காரணம் என்பதைப் பற்றி அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது.

இதெல்லாம் தெரிந்தும் அன்று மாலை கச்சிபௌலி சிக்னலில் ஸ்கூட்டரில் நின்றபடி நான் யோசித்தது என்னைப் பற்றித்தான். மாத்திரையை ஏற்றச் சொல்லிப் போன் செய்தது யார்? நான். அவர் விழுந்திருந்தால்? கோர்ட். ஜெயிலில் ரிட்டையர்டு ரெப்களுக்கு என்ன வேலை கொடுப்பார்கள்? மருந்துக் கிடங்கில் போடுவார்களா? பச்சை விளக்கு விழுந்ததைப் பின்னாலிருந்த பஸ்காரர் சொல்லித்தான் அறிந்தேன். சொன்ன விதத்தை இங்கே எழுத முடியாது.

நாச்சாரத்தில் வீடு போய்ச் சேருவதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன். தப்பு விமலாவுடையது. எண்ணாமல் எழுதியிருக்கிறார். பாவம், ஆனாலும் தப்பு தப்புதான். மனம் எவ்வளவு லேசானது என்கிறீர்கள்! ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

4. சனிக்கிழமை, பூரிக்கட்டை

காலையில் குஷாய்குடா போனேன். ஃபேக்டரியில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் நிறைந்த காலனி. பூரி வாசனை. விமலா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வந்த வேகத்தில் சோபாக் கையைப் பிடித்து ஒரு கணம் நின்று மூச்சு வாங்கினார். அதைக் கண்ணால் பார்த்தேன். கவனிக்கவில்லை.

நயமாகத் தொடங்கினேன். "மேடம், ஒருவேள சில நாள் எண்ண முடியாமப் போயிருக்கும். வீட்டு வேல இருக்கும். மனசுல வந்தத…"

"நான் பொய் எழுதினேன்றீங்களா தம்பி?"

"அய்யோ, இல்ல…"

"காலைல எட்டு, சாயந்திரம் எட்டு. ஒருநாள் விடல. உங்க முன்னாடியே எண்ணிக் காட்டறேன்."

கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மணிக்கட்டைப் பிடித்தார். கட்டைவிரலை வைத்து அழுத்தினார். கண்ணை மூடினார். அப்படியே நான். தலையாட்டல்கூட இருந்தது. தனபால் சார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "ஸ்டார்ட்… ஸ்டாப்" என்றார்.

"தொண்ணூத்தெட்டு."

ஏமாற்று எதுவும் இல்லை.  "நான் ஒருதடவ பாக்கறேன் சார்" என்று அதே கையைப் பிடித்தேன். என் கட்டைவிரலுக்குக் கீழே குதிரை ஓடியது.

"நூத்திப் பதினாறு! சார், படுங்க! படுத்துக்குங்க! நான் ஆம்புலன்ஸ்…"

"கைக்கு, எதுக்கு இவ்ளோ டென்ஷன் சேகர் சாப்? உக்காருங்க." அவர் எழுந்து போய் அலமாரியைத் திறந்து, நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் வாங்கிய பிரஷர் மெஷினை எடுத்துக் கையில் சுற்றி பொத்தானை அழுத்தினார். பல்ஸ் என்ற இடத்தில் ஐம்பத்தாறு. இன்னொரு தடவை. அதே ஐம்பத்தாறு.

மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்தார். ஃபேக்டரியில் இந்தப் பார்வைக்கு எத்தனை பேர் நடுங்கியிருப்பார்களோ.

"ஒரே பீஸ். மூணு ரீடிங். அப்டின்னா பீஸ்ல ஃபால்ட் இல்ல. கேஜ்ல, அளக்கற கருவில ஃபால்ட்." சமையலறைப் பக்கம் திரும்பினார். "விமலா, அந்தப் பூரிக்கட்டைய எடு."

மாவு ஒட்டிய பூரிக்கட்டை வந்தது. அதை என் கையில் கொடுத்தார்.

"புடிங்க. எனக்குப் புடிச்ச மாதிரியே. கட்டவெரல அழுத்துங்க. கண்ண மூடுங்க. மறக்காம தலைய ஆட்டுங்க."

பிடித்தேன். அழுத்தினேன். பூரிக்கட்டை துடித்தது. சத்தியமாகத் துடித்தது. டக், டக், டக், டக்.

"ஸ்டாப். எவ்ளோ?"

"நூத்தி… இருவது."

"அட்மிட் பண்ணிடலாமா?"

விமலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்கு அப்போதுதான் அந்த நாற்பது ஸ்லைடுகளில் ஒன்று, நான் நெக்ஸ்ட் அழுத்திய ஏதோ ஒன்று, முழுசாக ஞாபகம் வந்தது. கட்டைவிரலுக்குள் சொந்தமாக ஒரு ரத்தக்குழாய் நன்றாகத் துடித்துக்கொண்டிருக்கிறது. அதை வைத்து அழுத்திப் பிடித்தால் பிடித்தவரின் துடிப்புதான் பிடித்தவருக்குத் தெரியும். அதனால்தான் ஆள்காட்டி விரலும் நடுவிரலும்.

ஒரு மாதமாக விமலா தன் இதயத்தை எண்ணிக் கணவர் பெயரில் எழுதிக்கொண்டிருந்தார். அதை நம்பி அவருக்கு மாத்திரையை ஏற்றினேன்.

விமலாவுக்குப் பாதிதான் புரிந்தது. மீதியைப் பயம் நிரப்பியது. "இதுக்காக இவர டிரையல்லேர்ந்து எடுத்துடுவாங்களா தம்பி? புது டைரி ஒண்ணு குடுங்க. இன்னிக்கே உக்காந்து எல்லாத்தையும் மாத்தி எழுதிக் குடுத்துடறேன். அறுவதுனு போடவா? அறுவத்திரண்டு?"

உண்மையைச் சொல்கிறேன். என் பையில் காலி டைரி ஒன்று இருந்தது. கை ஜிப்பைத் தொட்டது. ஜெயில் கதவு மெதுவாகத் திறந்து வெளிச்சம் வந்தது.

"நக்கோ, வேணாம்," என்றார் தனபால் சார். சத்தம் போடவில்லை. "இந்த மாத்திர வேல செய்யுதா இல்லையான்னு என்னைய வெச்சுப் பாக்கறாங்க. நாளைக்கு இதே கஷ்டம் வேற யாருக்கோ வரும். அவங்க டாக்டர் இந்த நம்பரத்தான் பாப்பார். போறதுன்னா போறேன். பொய் ரீடிங்ல உள்ள இருக்க மாட்டேன்." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க என்ன செய்றதா உத்தேசம்?"

ஜிப்பை விட்டுவிட்டு, "ஒரு பூரி சாப்பிடலாமா சார்?" என்றேன். 

5. ஒற்றைக் கோடு

திங்கட்கிழமை டாக்டரின் அறை. ரிஸ்வானா மேடமும் இருந்தார். நான் ஒத்திகை பார்த்த முதல் வாக்கியம், "பயிற்சி முறையில் ஏற்பட்ட ஒரு சிறு இடைவெளி" என்று தொடங்கியது. வாயைத் திறந்ததும் வந்தது, "மேடம், நான்தான் கட்டைவிரல்."

முழுக்கச் சொன்னேன். பூரிக்கட்டையைக்கூட விடவில்லை. 

"உங்க டிரெய்னிங் சர்டிபிகேட்ல நூத்துக்கு நூறு போட்டிருக்கு" என்றார் டாக்டர்.

"நாலாவது அட்டெம்ப்ட்ல மேடம்."

ரிஸ்வானா மேடம் அதையும் எழுதிக்கொண்டார்.

அன்றே மற்ற ஐந்து வீடுகளுக்கும் போன் செய்தேன். நான்கு பேர் தாங்களே தங்கள் கையைப் பிடித்து எண்ணியவர்கள். கட்டைவிரலும் அவர்களுடையது, மணிக்கட்டும் அவர்களுடையது, ஆகவே கணக்கு சரி. ஐந்தாமவருக்கு எண்ணியது அவர் மகள், நர்சிங் படிக்கும் பெண். "நீங்க தப்பாச் சொல்லித் தந்தீங்க அங்கிள். ரெண்டு வெரல்தான் வெச்சேன். சொன்னா வருத்தப்படுவீங்கன்னு விட்டுட்டேன்" என்றாள் தெலுங்கில். இந்த மரியாதை பற்றி அவளிடம் தனியாகப் பேச வேண்டியிருந்தது.

எத்திக்ஸ் கமிட்டிக்கு நடந்ததை என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் என்னை நோயாளிகளிடம் விடவில்லை. தனபால் சார் டிரையலில் தொடரலாம், பழைய குறைந்த அளவிலேயே, என்று பதில் வந்தது. அதைப் போனில் சொன்னபோது அவர், "சரி. நாளைக்கு எட்டு மணிக்கு ரீடிங் எடுத்துடறோம்" என்றார்.

எங்கள் தொழிலில் தப்பான எண்ணை அழிக்கக் கூடாது, மேலே எழுதக் கூடாது, வெள்ளை மை கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் காரணமும் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். அடியில் இருக்கிற பழைய எண் தெரிய வேண்டும். டைரியின் ஒவ்வொரு எண்ணுக்கும் நான் கோடு போட்டு முடித்து டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நின்றார்.

"இது தனபால் காருவோட பல்ஸ் இல்ல. சரி. ஆனா இது யாரோட பல்ஸோ, அவங்க உக்காந்த நெலைல ஒரு மாசமா தொண்ணூறு, நூறுன்னு ஓடறாங்களே சேகர் காரு. ஏன்னு கேட்டீங்களா?"

விமலா சோபாக் கையைப் பிடித்து மூச்சு வாங்கியது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விமலாவை வரச் சொல்லி ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் ஏழு. படியேறினால் கண் இருட்டுகிறது என்பதை அவர் மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லவில்லை. "இவரோடது பெரிசு, இத எங்க சொல்றது" என்றார். காரணத்தைக் கண்டுபிடித்தார்கள், பயப்படும்படி இல்லை. டிரிப்பில் இரும்புச் சத்து ஏற்றினார்கள். இப்போது சோபாவைப் பிடிக்காமல் வருகிறார். இரண்டு விரல் வைத்துக் கணவருக்கு அறுபது, ஐம்பத்தெட்டு என்று எழுதுகிறார்.

டிரையல் இன்னும் நடக்கிறது. மாத்திரை பலன் தருமா என்று என்னைக் கேட்காதீர்கள். தெரியும்வரை தெரியாது என்று சொல்லப் பழகுவதுதான் இந்த வேலையில் பாதி. மீதிப் பாதி, தெரிந்த மாதிரி கண்ணை மூடித் தலையாட்டாமல் இருப்பது. நாற்பது ஸ்லைடையும் படியுங்கள். ஒரு ரீடிங் ஒத்துவரவில்லை என்றால், முதலில் உங்கள் கையைச் சந்தேகப்படுங்கள். எழுதினவரை அப்புறம் சந்தேகிக்கலாம்.

என் மேஜை டிராயரில் இப்போது ஒரு பூரிக்கட்டை இருக்கிறது. புதிதாக வரும் குடும்பத்தாரிடம் முதலில் அதைக் கொடுத்துப் பல்ஸ் பார்க்கச் சொல்வேன். போன முறை ரிஸ்வானா மேடம் டிராயரைத் திறந்து பார்த்து, "யே க்யா ஹை, சேகர் பாய்?" என்றார்.

"டிரெய்னிங் டிவைஸ் மேடம்."

"காலிப்ரேஷன் சர்டிபிகேட்?" எந்தக் கருவிக்கும் அது சரியாக அளக்கிறது என்று ஒரு சான்று ஃபைலில் இருக்க வேண்டும். சிரித்த முகத்தோடுதான் கேட்டார். வேடிக்கையா நிஜமா என்று எனக்குத் தெரியவில்லை. வழக்கம்போலப் பதறினேன்.

மறுவாரம் பரிசோதனைக்கு வந்த தனபால் சாரிடம் புலம்பினேன். அங்கேயே ஒரு தாள் கேட்டு வாங்கினார். மரத்த விரல்களால் பேனாவை இறுக்கிப் பிடித்து, கோணல்மாணலாக, நேரமெடுத்து எழுதினார். அந்தத் தாள் இப்போது முறைப்படி ஃபைலில் இருக்கிறது.

"கருவி: பூரிக்கட்டை, ஒன்று. சரியான ரீடிங்: பூஜ்யம். அதற்கு மேல் எது வந்தாலும் அது பிடித்தவருடையது. சோதித்துச் சரிபார்த்தவர்: தனபால், இன்ஸ்பெக்ஷன். அடுத்த சோதனை: ஒரு வருடம் கழித்து. நானே வந்து செய்வேன்."